ஒயரை மாற்றும் முன்



மழை ஓய்ந்து மார்கழி நெருங்குகிறது. பாட்டுக் கேட்கும் ஆசை தாம்பரம் வட்டாரத்து வீடுகளில் தானாகத் தலைதூக்கும் காலம் இது. பரணிலிருந்து ஆம்ப்ளிஃபையரை இறக்கித் தூசு தட்டுகிறவர்கள், பழைய பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி வந்தவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய செட்டை எங்கே எப்படி வைப்பது என்று யோசிப்பவர்கள் எனப் பலர் நமக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்றுதான்: "ஒயரை மாற்றினால் சத்தம் நன்றாக வருமா? அதற்கு எவ்வளவு செலவழிக்கலாம்?"

இந்த இசைச் சிறப்பிதழின் ஆசிரியர் பக்கத்தை அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறேன். கேட்டவர்களில் ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள் உண்டு, முதல் சம்பளத்தில் செட் வாங்கிய இளைஞர்கள் உண்டு. அவர்கள் பணம் வீணாகிவிடக் கூடாது என்ற கவலையோடுதான் எழுதுகிறேன்.

முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் பலவற்றில் ஒயரை மாற்றத்தான் வேண்டும். ஒயர் மெல்லியதாக இருக்கலாம், செம்பு என்று சொல்லி விற்ற வேறு உலோகமாக இருக்கலாம், இணைப்புகள் பாசி பிடித்திருக்கலாம், எர்த் சரியில்லாமல் இருக்கலாம். இந்த நான்கையும் சரிசெய்ய ஆகும் செலவு, ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிட்டு வரும் செலவைத் தாண்டாது. அதற்கு மேல் கேபிளில் போடும் பணம் காதுக்கு வந்து சேராது என்பதே என் உறுதியான எண்ணம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

நம் வட்டாரத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பழையது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949-இல் நிறுவிய எம்.ஐ.டி., மின்னணுவியலைத் தனிப் பாடமாகக் கற்பித்த முன்னோடிக் கல்லூரிகளில் ஒன்று. எழுத்தாளர் சுஜாதா அங்கேதான் மின்னணுவியல் படித்தார். இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு முதன்முதலில் தொடங்கியதும் சென்னையில்தான், 1977-இல். அடுத்த ஆண்டு வெளிவந்த 'ப்ரியா' படத்துக்காக இளையராஜா பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்தார். இடது ஸ்பீக்கரில் ஒன்று, வலது ஸ்பீக்கரில் ஒன்று எனப் பிரிந்து வந்த வாத்தியங்களை அன்று முதன்முதலாகக் கேட்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசக் கேட்கிறோம். ரிச்சி தெருவில் போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி வந்து, தகரப் பெட்டியில் பூட்டி, 'அசெம்பிள் செட்' கட்டிய தலைமுறை அது. அந்த செட்டுகளில் சில இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் பின்னால் தொங்கும் ஒயருக்கும் அதே வயதுதான்.

ஸ்பீக்கர் ஒயர் என்று தனியாக ஒரு பொருள் ஒரு காலத்தில் கிடையாது. உலகம் முழுவதும் விளக்குக்குப் போடும் இரட்டை ஒயரைத்தான் ஸ்பீக்கருக்கும் இழுத்தார்கள். 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் நோயல் லீ என்ற பொறியாளர் 'மான்ஸ்டர் கேபிள்' என்ற பெயரில் கனமான ஒயரை ஸ்பீக்கருக்கென்றே விற்கத் தொடங்கினார். அதன் பிறகுதான் கேபிள் ஒரு தனிச் சரக்காகி, விலை ஏறிக்கொண்டே போனது. மெல்லிய ஒயர் ஒலியைக் கெடுக்கும் என்ற அவருடைய அடிப்படை வாதத்தில் உண்மை உண்டு. எந்தக் கனம் போதும் என்பதில்தான் கணக்குத் தேவைப்படுகிறது.

நம் ஊர் எலக்ட்ரிக் கடைகளில் ஒயரை 14/76, 23/76, 40/76, 70/76 என்று கேட்டு வாங்குவார்கள். முதல் எண், உள்ளே எத்தனை இழை என்பதைச் சொல்கிறது. 76 என்பது ஒவ்வொரு இழையின் விட்டம். ஓர் அங்குலத்தில் பத்தாயிரத்தில் 76 பங்கு, அதாவது சுமார் 0.19 மில்லிமீட்டர். இந்தக் கணக்கில் 14/76 என்பது 0.4 சதுர மில்லிமீட்டர் செம்பு. 70/76 என்பது 2 சதுர மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே 10 மீட்டர் செம்பு. 14/76 ஒயரில் இந்தத் தூரத்துக்கு மின்தடை சுமார் 0.42 ஓம். 70/76 ஒயரில் 0.08 ஓம். பெட்டியின் பின்னால் 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் எல்லா நேரமும் 8 ஓமாக இருப்பதில்லை. சில சுரங்களில் 4 ஓமுக்கு இறங்கும், சிலவற்றில் 20 ஓமுக்கு ஏறும். தடை குறையும் இடத்தில் மெல்லிய ஒயர் அதிகமாக விழுங்கும், தடை கூடும் இடத்தில் குறைவாக விழுங்கும். கணக்குப் போட்டால், 14/76 ஒயரில் இந்த ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய 0.7 டெசிபெல். 70/76 ஒயரில் 0.14 டெசிபெல். முன்னதைக் கவனமான காது உணரக்கூடும். பின்னதை எந்தக் காதும் பொருட்படுத்தாது.

மின்தடை ஸ்பீக்கரின் ஓமில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது ஒலிப் பொறியாளர்கள் நெடுநாளாகக் கையாளும் விதி. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2 ஓம். நம் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஸ்பீக்கர் 5 மீட்டருக்கு மேல் தள்ளிப் போவது அபூர்வம். ஆகவே 70/76 ஒயரோ, 2.5 சதுர மில்லிமீட்டர் ஃப்ளெக்சிபிள் ஒயரோ வாங்கிவிட்டால் அந்தக் கேள்வி உங்கள் வாழ்நாளுக்கும் முடிந்தது. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் ஒயரே போதும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் உறையில் அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கனம் சரியாக இருந்தும் ஏமாறுவதற்கு இன்னொரு வழி இருக்கிறது. வெளியே செம்பு நிறமாக மின்னும், உள்ளே அலுமினியம். அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய செம்புப் பூச்சு கொடுத்து விற்கும் ஒயர்கள் சந்தையில் ஏராளம். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் திறன் செம்பில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அது எளிதில் முறியும், திருகிய இடத்தில் நாளடைவில் தளரும். கண்டுபிடிப்பது எளிது. ஓர் இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு இல்லை. கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தாலும் தெரியும். செம்பின் அடர்த்தி அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல். நல்ல செம்பு ஒயர் கையில் கனக்கும்.

அடுத்தது இணைப்பு. என்னைக் கேட்டால், பெரும்பாலான வீடுகளில் உண்மையான குறை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நம் ஊரின் காற்றில் ஈரம் அதிகம். மழைக்காலம் முடியும்போது ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடி போன்ற உறைக்குள் செம்பு பச்சை ஏறியிருக்கும். ஸ்பிரிங் கிளிப்பில் சொருகிய நுனி கறுத்திருக்கும். ஒரு பக்க ஸ்பீக்கர் சில நேரம் பாடும், சில நேரம் பாடாது. தலையில் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகும். பலர் அதை ஆம்ப்ளிஃபையரின் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கிடம் தூக்கிப் போகிறார்கள். பல நேரம் கெட்டிருப்பது அந்த அரை அங்குல நுனி மட்டுமே.

அதற்கு வைத்தியம் சிக்கனமானது. செட்டை அணைத்து, மெயின்ஸ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கறுத்த நுனியை வெட்டி எறிந்து, புதிதாக உறையை நீக்குங்கள். இழைகளை ஒன்றாக முறுக்குங்கள். ஓர் இழைகூட வெளியே பிரிந்து பக்கத்து முனையைத் தொடக் கூடாது; தொட்டால் ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். திருகில் இறுக்கும் நுனியில் ஈயம் வைக்காதீர்கள். அழுத்தத்தில் ஈயம் மெல்ல விலகி, சில மாதங்களில் பிடி தளர்ந்துவிடும். செட்டை அடிக்கடி நகர்த்துகிறவர்கள் பனானா பிளக் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஆர்.சி.ஏ. பின்களையும் சாக்கெட்டுகளையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ஈரம் முழுவதும் காய்ந்த பிறகு சொருகுங்கள். வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரவென்று கேட்டால் காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டுப் பலமுறை திருகுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மழை முடிந்ததும் இதைச் செய்தால் போதும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளத்து வீடுகள் மூழ்கியதை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. கேசட்டுகளும் இசைத்தட்டுகளும் ஸ்பீக்கர் பெட்டிகளும் சேற்றில் போனவர்கள் நம் வாசகர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீரில் கிடந்த இழை ஒயருக்குள் ஈரம் உறையின் அடியில் நெடுந்தூரம் ஏறிப்போகும். வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே செம்பு அரித்துக்கொண்டே இருக்கும். அப்போது நனைந்த ஒயர் சுவரிலோ செட்டின் பின்னாலோ இன்னும் இருந்தால், தயங்காமல் மாற்றிவிடுங்கள். அது ஒலிக்காக மட்டுமல்ல, வீட்டின் பாதுகாப்புக்காகவும்தான்.

இனி, பலரைத் தூங்கவிடாத தொல்லை: ஸ்பீக்கரில் வரும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல். பாட்டு நின்றாலும் அது நிற்காது. கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டு, பாடகர் தொடங்கும் முன் தம்புரா மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளைக் கேளுங்கள். தம்புராவின் நாதம் அறையை நிறைக்க வேண்டும். அதன் அடியில் வேறொரு சுருதி சேர்ந்து ஒலித்தால், அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸும். விலை உயர்ந்த கேபிள் வாங்குகிறவர்களில் பலர் உண்மையில் இந்த இரைச்சலைத் துரத்தவே வாங்குகிறார்கள். பெரும்பாலும் அது கேபிளால் போவதில்லை.

காரணங்களில் முதன்மையானது கேபிள் டி.வி. அல்லது டிஷ் இணைப்பு. கம்பத்திலிருந்தோ மொட்டை மாடியிலிருந்தோ வரும் கோ-ஆக்சியல் ஒயர் தனியாக ஒரு பூமித் தொடர்பைக் கொண்டுவருகிறது. ஆம்ப்ளிஃபையரின் மூன்று முள் பிளக் இன்னொன்றைக் கொண்டுவருகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம் உருவாகி, அதில் ஓடும் சிறு மின்னோட்டம் பாட்டோடு கலக்கிறது. சோதிப்பது எளிது. செட்-டாப் பாக்ஸின் பின்னாலிருக்கும் அந்தக் கோ-ஆக்சியல் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் திருடன் அகப்பட்டான். டி.வி.க்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையே ஆப்டிகல் கேபிள் போட்டால் வளையம் அறுந்துவிடும், ஏனென்றால் அதில் போவது ஒளி, செம்பே இல்லை. தோஷிபா நிறுவனம் 1983-இல் கொண்டுவந்த அந்த ஏற்பாடு இன்றைய டி.வி.க்கள் பலவற்றில் இருக்கிறது. ஆப்டிகல் சாக்கெட் இல்லாத பழைய ஆம்ப்ளிஃபையர் என்றால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு பெட்டி உதவும். இசைத்தட்டுச் சுழற்றி வைத்திருப்பவர்கள் அதிலிருந்து வரும் மெல்லிய தனி எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபையரின் எர்த் திருகில் மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இரைச்சலை நிறுத்துவதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், அதை ஒருபோதும் செய்யாதீர்கள். உள்ளே ஓர் ஒயர் பிய்ந்து உலோகப் பெட்டியைத் தொட்டால் 230 வோல்ட் முழுவதும் உங்கள் குழந்தையின் விரலுக்கு வந்துவிடும். அந்த முள் அங்கே இருப்பதே உயிரைக் காக்கத்தான்.

எர்த் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் குடியிருக்கும் நிலம் அப்படி. பல்லாவரமும் பரங்கிமலையும் சார்னோகைட் பாறைக்கு உலகப் புகழ்பெற்ற இடங்கள். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறையால் ஆனது என்பதால், புவியியலாளர் டி.எச். ஹாலண்ட் 1893-இல் அந்தப் பெயரைச் சூட்டினார். பெருமைக்குரிய செய்தி. ஆனால் பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தாது. குரோம்பேட்டை, பல்லாவரம், திருநீர்மலைப் பக்கம் பாறைக்கு மேல் கொஞ்சம் மண்ணே உள்ள மனைகளில், ஆழமில்லாமல் தோண்டிப் போட்ட எர்த் குழி கோடையில் காய்ந்துவிட்டால் பெயரளவுக்குத்தான் எர்த். அப்போது ஆம்ப்ளிஃபையரின் உலோகப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். அந்தக் கசிவு மின்னோட்டம் ஆடியோ ஒயர் வழியே வெளியேறப் பார்க்கும்போது இரைச்சலாகக் கேட்கிறது. நல்ல எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் தடையை அளக்கச் சொல்லுங்கள். குழியில் கரியும் உப்பும் நிரப்பி, கோடையில் வாரம் இருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் பவர் கார்டு செய்யாததை அந்தத் தண்ணீர் செய்யும்.

ஆர்.சி.ஏ. கேபிளுக்கு வருவோம். பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே போகும் சமிக்ஞை மிகச் சிறியது. அதற்கு வேண்டியவை மூன்று: முழுவதும் மூடிய செம்பு வலை உறை, அழுத்தமாகப் பிடிக்கும் பின், தேவைக்கு மேல் நீளமில்லாமை. பவர் ஒயருக்குப் பக்கத்திலேயே படுக்க வைக்காதீர்கள். இரண்டும் குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். செட்டோடு இலவசமாக வரும் மெல்லிய கேபிளில் வலை உறை பல நேரம் பெயருக்கு இருக்கும். அதை மாற்றுவதில் பயன் உண்டு. இசைத்தட்டுச் சுழற்றிக்கு மட்டும் கேபிளின் மின்தேக்கு அளவும் ஒலியின் நிறத்தைச் சற்று மாற்றும். அதற்கு நீளம் குறைவாக இருப்பது இன்னும் முக்கியம். எச்.டி.எம்.ஐ., யு.எஸ்.பி. போன்ற டிஜிட்டல் கேபிள்களில் இந்தக் கவலையே வேண்டாம். அவற்றில் போவது எண்கள். கேபிள் கெட்டால் ஒலி தடைபடும், டிக் டிக் என்று வெட்டும். ஒழுங்காகப் பாடுகிறது என்றால் விலை கூடிய கேபிள் அதைவிட இனிமையாகப் பாட வைக்காது.

விலை உயர்ந்த கேபிளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்ல விரும்புகிறேன். 1983-இல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழுக்காக லாரன்ஸ் கிரீன்ஹில் என்பவர், எந்த ஒயர் பாடுகிறது என்று சொல்லாமல் கேட்பவர்களைச் சோதித்தார். மிக மெல்லிய 24 கேஜ் ஒயர் அவர்கள் காதுக்குப் பிடிபட்டது. விளக்குக்குப் போடும் 16 கேஜ் ஒயரையும் அந்நாளின் விலை உயர்ந்த கேபிளையும் இசை கேட்டுப் பிரித்துச் சொல்ல அவர்களால் முடியவில்லை. 2007-இல், 7,250 டாலர் விலையுள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரண நல்ல கேபிளிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் பத்து லட்சம் டாலர் தருவதாக ஜேம்ஸ் ராண்டி அறிவித்தார். அந்தச் சோதனை கடைசிவரை நடக்கவே இல்லை.

கேபிள் மாற்றியதும் ஒலி மேம்பட்டதாகச் சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. ஒயரை மாற்றும்போது பாசி பிடித்த நுனி போய்ப் புது நுனி வருகிறது; முன்னேற்றம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஒலி அளவு அரை டெசிபெல் கூடினாலே, கூடியிருப்பது தெரியாமல் 'தெளிவாக இருக்கிறது' என்று மனம் சொல்லும். அன்றைக்கு நாம் கவனத்தோடு உட்கார்ந்து கேட்கிறோம். வழக்கமாக வேலை செய்துகொண்டே கேட்பவர்கள் நாம். வாங்குவதற்கு முன் வீட்டில் ஒருவரை மறைவாக ஒயரை மாற்றச் சொல்லி, எது எது என்று நீங்களே குறித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் தாராளமாக வாங்குங்கள்.

பாட்டுப் பிறக்கும் இடத்தையும் நினைத்துப் பாருங்கள். கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் தொடங்கிய பஞ்சதன் ஆனாலும், சாலிகிராமத்துப் பிரசாத் ஸ்டூடியோ ஆனாலும், மைக்கிலிருந்து மிக்ஸர் மேசை வரை சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் நீண்ட தூரம் கேபிள் ஓடும். ஸ்டூடியோக்காரர்கள் கேபிளைத் தேர்ந்தெடுப்பது உழைப்புக்கும் பாதுகாப்பான உறைக்கும், பழுதானால் சால்டரிங் அயர்னை எடுத்து உடனே சரிசெய்ய முடிவதற்கும்தான். ஒரே சமிக்ஞையை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் அனுப்பி, வழியில் சேர்ந்த இரைச்சலை முடிவில் கழித்துவிடும் முறை அவர்களுடையது. எச். ஸ்ரீதர் போன்ற ஒலிப்பதிவுக் கலைஞர்கள் இரவு பகலாக உட்கார்ந்து சேர்த்த நுணுக்கங்கள் அத்தனையும் அந்தக் கேபிள்கள் வழியாகத்தான் வந்தன. அந்த உழைப்பை நம் வீட்டின் கடைசி ஐந்து மீட்டரில் கெடுக்காமல் கொண்டுசேர்ப்பதே நம் பொறுப்பு. நல்ல செம்பும் சுத்தமான இணைப்பும் அதற்குப் போதும்.

மிச்சமாகும் பணத்தை எங்கே போடலாம்? அறையில் போடுங்கள். நம் வீடுகளில் தரை டைல்ஸ், மேலே கான்கிரீட், சுற்றிலும் வெறும் சுவர். பாட்டு மோதித் திரும்பி எதிரொலிக்கிறது. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் ஒரு பவானி ஜமுக்காளத்தை விரியுங்கள். ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். பக்கச் சுவரில் புத்தக அலமாரி வையுங்கள். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஒரு முழமாவது முன்னே இழுத்து, ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வரும்படி ஒரு மேடை அமையுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் நாற்காலிக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். இதில் கிடைக்கும் மாற்றத்தைக் கேட்க நுண்ணிய காது தேவையில்லை. வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூர், பம்மல் வாசகர்களும் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் குடியிருப்பவர்களும் விடிவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கேட்டுப் பாருங்கள். மார்கழியில் எப்படியும் விழித்திருக்கும் நேரம்தானே.

ரிச்சி தெருவுக்குப் போகிறவர்களுக்கு: விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். ஸ்பீக்கருக்கும் செட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை, சுவர் ஓரமாகவே டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நீளம் வாங்குங்கள். ஒரு துண்டை வெட்டித் தரச் சொல்லி இழையைச் சுரண்டிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். நேர்மையான கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். பல்லாவரம் சந்தையில் பழைய ஒயர் மலிவாகக் கிடைத்தாலும், ஒயரை மட்டும் புதிதாக வாங்குங்கள். ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் பழையதாக இருக்கலாம். பச்சை ஏறிய செம்பு எந்த விலைக்கும் லாபமில்லை.

இந்த இதழின் உள்ளே சால்டரிங் பழகுவதற்கான படக்குறிப்புகள் வருகின்றன. பூஞ்சை பிடித்த கேசட்டைக் காப்பாற்றும் முறையும், நம் பகுதிச் சபாக்களின் மார்கழி நிகழ்ச்சி விவரமும் இருக்கின்றன. கேபிளில் மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதியைச் சபாவின் வாசலில் கொடுத்து, பிள்ளைகளோடு ஒரு கச்சேரியை நேரில் கேட்டு வாருங்கள். மிருதங்கத்தின் தொப்பி எப்படி ஒலிக்கும், வீணையின் மீட்டு எப்படி அடங்கும் என்று நேரில் கேட்ட காதுக்குத்தான் வீட்டு செட்டில் எது குறைகிறது என்று தெரியும்.

உங்கள் தெருவில் சால்டரிங் தெரிந்த பெரியவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் கையிலிருக்கும் வேலை அவரோடு நின்றுவிடக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கைந்து பிள்ளைகளை அவரிடம் அனுப்பி, ஓர் ஆர்.சி.ஏ. பின்னைப் பற்றவைக்கவும், மல்டிமீட்டரால் ஓம் பார்க்கவும் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பழுதானதைத் தூக்கி எறியாமல் திறந்து பார்க்கும் துணிவு பிள்ளைகளுக்கு அங்கேதான் வரும். அப்படி நடத்துகிறவர்கள் நமக்கு எழுதுங்கள். இடம், நேரம் இரண்டையும் பொங்கல் இதழில் வெளியிட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் வரவழைப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்